நிற்காத கோடு

அன்றும் அரைக் கோப்பைத் தேநீர்தான் வந்தது. சுகுமாறன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மனைவியை முறைத்தார்.

“பால் டின் முடிஞ்சிருச்சா, இல்ல சீனி முடிஞ்சிருச்சா?”

“குடிச்சிட்டுக் கேளுங்க, இன்னும் ஊத்துறேன்” என்றாள் ஷாமளா. கொஞ்ச நாளாகவே இதே பதில்தான். கட்டிய புருஷனுக்கு ஒரு முழுக் கோப்பை தேநீர் ஊற்ற மனம் வராத கஞ்சத்தனம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

பெர்மாஸ் ஜெயாவில் மாடியில் வீடு, கீழே கடை. ஏர்கோனோ வாஷிங் மெஷினோ, எதன் மின்சுற்றுப் போர்டு செத்தாலும் சுகுமாறன் உயிர் கொடுத்துவிடுவார் என்று ஊரே சொல்லும். சொல்லும் என்பதைவிட, சொன்னது என்பதுதான் இப்போது சரி. பழுதுபார்த்து அனுப்பிய போர்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன.

போன வாரம் அதற்கும் மேலே போய்விட்டது. செடெனாக்கிலிருந்து வந்த ஒருவரின் போர்டைச் சோதிக்கும்போது, கையில் பிடித்திருந்த ‘புரோப்’ என்ற சோதனைக் கம்பியின் முனை சிப்பின் பக்கத்துக் கம்பிக்காலில் பட்டு, படக்கென்று தீப்பொறி பறந்தது. அந்த ஆள் வாசலில் நின்று, தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனார். இன்னும் இப்படி இரண்டு நடந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் மேசைமேல் இருந்த பழைய ஆஸிலோஸ்கோப்தான் என்பது சுகுமாறனின் தீர்ப்பு. புரோப் தொடும் இடத்தில் மின்சாரம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் கோடாகக் காட்டுவதுதான் அதன் வேலை. கோடு நின்றால்தானே கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கலாம்? இதில் கோடு குதித்தது, காணாமல் போனது, மறுபடியும் வந்து குதித்தது.

சிங்கப்பூரில் சர்வீஸ் வேலை பார்க்கும் நண்பன் யுகேந்திரன் வேறு தொலைபேசியில் தூபம் போட்டான்.

“அண்ணே, புதுசு ஒண்ணு வந்திருக்கு. பட்ஜெட் மாடல்தான், ஆனா நாலு சேனல், நாலு கோடு ஒண்ணாத் தெரியும். படம் கண்ணாடி மாதிரி இருக்கும் லா. இன்னும் எதுக்கு அந்தப் பழைய பொட்டியக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க?”

ஷாமளா மட்டும் ஒரே பிடியாக நின்றாள்.

“பழசுக்கு என்ன கொறச்சல்? நேத்து நான் மாட்டி விட்டப்ப நல்லாத்தானே நின்னுச்சு?”

“அலமாக்! பெரிய கம்பியில புரோப் கொக்கிய மாட்டினா நிக்கத்தான் செய்யும். அரிசி அளவு சிப்ல எங்க கொக்கி மாட்டுறது? கையிலதான் பிடிக்கணும்.”

“இருக்கிறத வெச்சு ஓட்டுங்க. சின்ன வேலையெல்லாம் எடுக்காதீங்க.”

“ஒந்தங்கச்சி மகனுக்கு லேப்டாப் வாங்குறப்ப இந்தப் பேச்சு எங்க போச்சு? எந்தொழிலுக்கு ஒரு சாமான் வாங்குறதுன்னா மட்டும் ஒனக்கு வயிறு எரியுது.”

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பேச முடியாவிட்டால் எழுந்து போவது அவள் வழக்கம் என்று சுகுமாறன் நினைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் தன் தொழில்மேல் இவளுக்கு அக்கறையே இல்லை என்பது நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. அந்தக் கோபத்திலேயே கைப்பேசியை எடுத்து ஆர்டர் போட்டுவிட்டார்.

பார்சல் வந்த அன்று ஷாமளா அதைத் தொடக்கூட இல்லை. சுகுமாறன் மாப்பிள்ளைக்குரிய மரியாதையோடு அதைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் அமர்த்தினார். பழசைக் கீழே, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், வேண்டுமென்றே அவள் கண்ணில் படும்படி வைத்தார்.

ஒரு போர்டை எடுத்து, சிப்பின் காலில் புரோப் முனையை வைத்தார். கோடு பளிச்சென்று வந்து நின்றது.

“பாத்தியா? இதுக்குத்தான் அவ்வளவு தடுத்தியா?” என்று சொல்லி முடிப்பதற்குள் கோடு குதித்தது. அப்புறம் காணாமல் போனது. மறுபடியும் வந்து குதித்தது.

புரோப்பை மாற்றினார். போர்டை மாற்றினார். பிளக்கைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகினார். குதிப்பது மட்டும் மாறவில்லை.

“ஏமாத்திட்டானுங்க. ஓட்டைச் சாமானை அனுப்பிட்டானுங்க!” என்று திட்டிக்கொண்டே, கருவியைப் பரிசோதிக்க அதன் முகத்திலேயே இருந்த சின்ன உலோகக் காதில் கொக்கியை மாட்டினார். கோடு சுவர் மாதிரி நின்றது. கொக்கியைக் கழற்றி, முனையைக் கையால் பிடித்து அதே இடத்தில் வைத்தார். குதித்தது.

மறுபடியும் மாட்டினார். நின்றது. மறுபடியும் பிடித்தார். குதித்தது.

இவ்வளவு நாளும் திரையைவிட்டு எடுக்காத கண்ணை அப்போதுதான் கீழே இறக்கினார். முனையைப் பிடித்திருந்த வலது கை, அவரைக் கேட்காமலே நடுங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்தார். விரல்கள் அதற்குள்ளேயும் துடித்தன.

பழி போட இனி மேசையில் ஒன்றும் மிச்சமில்லை.

“ஷாமளா...” என்றார். “கோளாறு மெஷின்ல இல்ல.”

ஷாமளா அருகில் வந்து, அவர் விரல்களிலிருந்து புரோப்பை மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள். அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

“தெரியுங்க. முழுக் கோப்பை ஊத்துனா தளும்புறப்பவே தெரியும். அதுக்குத்தான் வாங்க வேணாம்னேன்.”