வெள்ளை விரிப்பு

அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிக்கு எதிரே இருக்கிற மொட்டை மாடியில், மாலை வெயிலில், ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு உப்பி உப்பி ஆடுகிறது. கல்யாணமாகி வந்த பதினோரு வருஷத்தில் அவள் வெள்ளைத் துணியை வெளியே காயப்போடுவது இதுதான் முதல் தடவை. பக்கத்தில், அந்த நிலையத்தில் ஃபிட்டராக இருக்கிற அவள் வீட்டுக்காரர், கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். நிலக்கரிச் சாம்பல் வெளியே போகாமல் பிடித்து நிறுத்தும் நீள நீளமான துணிப்பைகளை இரண்டு மாதமாகப் புகை வழியில் தொங்கவிட்டவர் அவர்தான். புகையில் சாம்பலை அளக்கிற கருவி நேற்றே நல்ல வார்த்தை சொல்லிவிட்டது. ஆனாலும் மனுஷருக்கு இந்த விரிப்பு சொன்னால்தான் நம்பிக்கை வரும் போலிருக்கிறது. "அங்க ஆயிரம் பை மாட்டின கை, வீட்டுக் கொடியில ஒரு துண்டு போட்டிருக்கா?" என்று விரிப்பைக் கொடியிலிருந்து உருவி, ஒரு முனையை அவரிடம் திணிக்கிறாள். அப்புறம் பழக்கதோஷத்தில், "மூச்சப் பிடிங்க!" என்று கத்துகிறாள். சாம்பல் படிந்த துணியை உதறும்போது இந்தத் தெருவில் எல்லா வீட்டு மாடியிலும் கேட்கிற குரல் அது. இருவரும் கண்ணை இறுக மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓங்கி உதறுகிறார்கள். படீரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவள் மெதுவாகக் கண்ணைத் திறந்து, விரிப்பின் மேல் விரலை இழுத்து, திருப்பிப் பார்க்கிறாள். விரலில் ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை; சோப்பு வாசனை மட்டும் வருகிறது. எதிர் முனையில் அவர் இன்னும் பலூன் ஊதப்போகிறவர் மாதிரி, கன்னம் உப்ப, கண்ணை மூடியபடியே நிற்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்க்கிறாள். "விடுங்க," என்கிறாள். "இனிமே மூச்சு விடலாம்."