நானூற்றுப் பன்னிரண்டு பேர் படுத்த வலை

"நம்ம கொசுவலைக்குள்ள நானூத்திப் பன்னிரண்டு பேரு படுத்திருக்காங்களாம். ஒருத்தருக்கும் மூச்சு இல்லையாம். என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

கணவனிடம் கைபேசியை நீட்டினாள் அபியெரோ. விக்டோரியா ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் மலேரியாக் கணக்கு அனுப்புகிற சுகாதாரப் பணியாளர் அவள். எந்த வீட்டில் எத்தனை பேர் படுத்தார்கள், யாருக்குக் காய்ச்சல் என்று, உணர்கருவி பொருத்திய வலைகளே தலைமையகத்துக்குச் சொல்லிவிடும். கணக்கு இடித்தால் பத்து மணிக்குள் அவள் காரணம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஆம்புலன்ஸ்கள் கிளம்பிவிடும்.

ஒகுமு தலையைச் சொறிந்தான். "விடிஞ்சதும் பொடிமீன் காயப் போட்டேன். ஈ மொய்க்குதேன்னு வலையை எடுத்து மூடினேன். நீதானே ரெண்டு நாளா கருவாடு வேணும்னு உயிரை வாங்கினே?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஏழு மாதக் கர்ப்பம்; வலை இல்லாமல் படுக்க முடியாது. மீனுக்குப் போர்த்திய வலையைப் பறித்துவிட வேண்டும் என்பது விதி. போன மாதம் எதிர்வீட்டு அடோங்கோவின் வலையை அவளே பறித்திருக்கிறாள்.

"வலை கெட்டுப்போச்சுன்னு எழுதிடேன்."

"அப்புறம் அடோங்கோ முகத்துல எப்படிய்யா முழிப்பேன்?"

ஒரு மீனை வாயில் போட்டு மென்றபடி எழுதினாள்: "படுத்திருந்தது மீன். இந்த ஊரில் வீட்டுக்கு இரண்டு வலை வேண்டும். ஒன்று ஆளுக்கு, ஒன்று மீனுக்கு. முதலில் அடோங்கோ வீட்டுக்கு அனுப்பவும்."

மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. அனுப்பிவிட்டாள்.

நீங்களே சொல்லுங்க, இதைப் படிக்கிற அதிகாரி ரெண்டாவது வலையைக் கொடுப்பாரா, இல்ல இருக்கிற ஒண்ணையும் பிடுங்கிடுவாரா?