பறையில் சொன்னது

நாட்டாமை வெள்ளைச்சாமி எங்கள் கீழத்தெருவுக்குள் வரமாட்டார். தெருமுனைப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றே கூப்பிட்டார்.

“டேய் அரியமுத்து, காலையில ஊருக்குள்ள என்னடா சொல்லிட்டு வந்த?”

என் வீட்டுக்காரர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

விஷயம் இதுதான். அது எழுபத்தொன்பதாம் வருஷம். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் ஒரு வாத்தியாரை அனுப்பியிருந்தது. அன்று பொழுது சாயப் பெரம்பலூரிலிருந்து அதிகாரி ஜீப்பில் வந்து வகுப்பைத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் வகுப்பு என்று பறையடித்துச் சொல்லச் சொல்லியிருந்தார் நாட்டாமை. இவரோ, கீழத்தெருப் புளியமரத்தடியில் என்று மூலைக்கு மூலை அடித்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அந்த மண்டபத்தின் முதல் படியில்கூட எங்கள் ஆட்கள் கால் வைக்க முடியாது. அது அதிகாரிக்குத் தெரியாது. நாட்டாமைக்குத் தெரியும்.

“வாய் கொழறிப்போச்சுங்க சாமி” என்றார் இவர்.

வாய் குழறுகிற ஆளா இவர்? சாவு, ஏலம், ஏரி மடை திறப்பு என்று எதையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னவர்.

அப்படிப் பிசகாமல் சொன்னதில் ஒன்றுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அதற்கு முந்தின வருஷம் வீட்டுமனைப் பட்டா தருவதாக நோட்டீஸ் வந்தது. மேலத்தெருவில் மட்டும் அடித்தால் போதும் என்றார்கள். இவரும் அப்படியே அடித்தார். கெடு முடிந்த பிறகுதான் தெரிந்தது, நோட்டீஸில் கீழத்தெருவின் பெயர்தான் முதலில் இருந்ததாம். சாவடிச் சுவரில் அதை ஒட்டியிருந்தார்கள். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் இவர் அன்றைக்குப் பறைக்கு வார் இழுத்துக் கட்டியிருக்கிறார்.

அதன் பிறகு வெகுநாள் இவருக்குச் சோறு இறங்கவில்லை.

“சரி, போனது போவட்டும். ஜீப்பு வர்ற நேரம். மறுபடி அடிச்சு, மண்டபத்துலன்னு சொல்லிட்டு வா.”

எங்கள் ஊரில் பறையில் சொன்னதைப் பறையில்தான் மாற்ற வேண்டும். வாயால் யார் வந்து சொன்னாலும், நாட்டாமையே சொன்னாலும், “பறை அடிச்சாங்களா?” என்றுதான் கேட்பார்கள். ஊர்ச் சேதிக்குப் பறை இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அதற்காகத்தான் அறுப்புக் களத்தில் எங்களுக்குச் சோளமும் கம்பும் அளந்தார்கள். வருஷத்தில் பாதி நாள் எங்கள் அடுப்பு எரிந்தது அதை வைத்துத்தான்.

இவர் வீட்டுக்குள் போய்ப் பறையைக் கொண்டுவந்து, வாசலில் நின்றபடியே தூக்கிக் காட்டினார். தோல் கிழிந்து தொங்கியது.

“தோலு தொய்ஞ்சு கெடந்துச்சுன்னு வைக்கோல் தீயில காட்டினேங்க. சூடு கூடிப்போச்சு.”

எனக்கு வந்த கோபத்தில் நாட்டாமை நிற்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

“ஏன்யா, பொறந்ததுலேருந்து பறை புடிக்கிற மனுசனுக்குச் சூடு பாக்கத் தெரியலையா? இனிமே களத்துல போயி எதைக் காட்டி முறத்தை நீட்டுவ?”

இவர் பறையை வாசலிலேயே கவிழ்த்துப் போட்டார்.

வேறு தோல் கட்டிக் காயவைக்க நாள் பிடிக்கும். செட்டிகுளத்துக்கு ஆள் விட்டுப் பறை கொண்டுவரவும் நேரமில்லை. ரோட்டில் ஜீப்பின் புழுதி தெரிந்துவிட்டது. “இந்த வருசம் களத்துப் பக்கம் உன் தலை தெரியக்கூடாது” என்று சொல்லிவிட்டு நாட்டாமை வேகமாகப் போனார்.

அதிகாரி முதலில் மண்டபத்துக்குத்தான் போனாராம். அங்கே ஒரு நாய் படுத்திருந்ததாம். மேலத்தெருக்காரர்கள் எங்கள் பக்கம் வரவும் இல்லை, பறை சொல்லாத இடத்துக்குப் போகவும் இல்லை. புளியமரத்தடியில் எங்கள் சனம் மொத்தமும் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தது. அதிகாரி பார்த்தார். அரிக்கேன் விளக்கையும் சிலேட்டுகளையும் அங்கேயே இறக்கச் சொன்னார்.

மேலத்தெருக் கிருஷ்ணம்மாள் மட்டும் ஆட்டைத் தேடுகிற மாதிரி வந்து வேலியோரம் நின்றுகொண்டாள். ஆடு அவள் பின்னாலேயே நின்றது.

முதலில் எதை எழுதக் கற்றுக்கொள்ள ஆசை என்று வாத்தியார் கேட்டார். ஆளாளுக்குத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். இவர் எழுந்து நின்றார்.

“எங்க தெருப் பேரு நோட்டீசுல வந்தா எப்படி இருக்கும் சார்? மொதல்ல அதை எழுதிக் காட்டுங்க.”

வாத்தியார் பலகையில் எழுதினார். இவர் சிலேட்டைத் தொடையில் வைத்து, பறைக்குச்சி பிடிக்கிற மாதிரியே பலப்பத்தைப் பிடித்து, பார்த்துப் பார்த்து எழுதினார்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. பாதி வருஷத்துச் சோற்றை ஒரு பிடி வைக்கோல் தீயில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாரே! கிழிந்த பறை எங்கள் வாசலில் கிடந்தது. தெருவில் முதல் வீடு எங்களுடையது. அதை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். விளக்கு வெளிச்சம் அதுவரைக்கும் வந்தது.

சூட்டில் வெடித்த தோலை நான் பார்த்திருக்கிறேன். ஓரமெல்லாம் கருகிச் சுருண்டு, தாறுமாறாகப் பிளந்திருக்கும்.

இதில் கருகலே இல்லை. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் கத்திக் கீறல் நேராகப் போயிருந்தது.

வீட்டு மூலையில், காலையில் நான் கட்டிவைத்த வைக்கோல் அவிழ்க்காமல் அப்படியே இருந்தது.

கிட்டே வந்து பார்த்திருந்தால் நாட்டாமைக்கும் தெரிந்திருக்கும். அவர்தான் புளியமரத்தைத் தாண்டி வரமாட்டாரே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பறையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், இவர் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் ஒரு சிலேட்டு கேட்டேன்.