பாறையின் சொரசொரப்பு

"அப்பா, பாறையில முட்டினா அலைக்கு வலிக்குமா?" என்று ரெக்சிலின் ஒருமுறை கேட்டாள். அடுத்த மாதம் அதே பாறையிலிருந்து அலை அவளை வாரிக்கொண்டு போனது.

கடலையும் மலையையும் கணினியில் அப்படியே ஓட்டிக்காட்டும் பொது மென்பொருளை எழுதுகிறவர்களில் அவள் அப்பா சேசடிமையும் ஒருவர். பாறைமேல் அவளையும் நிறுத்தி, அன்றைய அலையைத் தன் கணினியிலிருந்த சொந்தப் பிரதியில் முந்நூறு முறை ஓட்டினார். ஒருமுறைகூட அவள் பிழைக்கவில்லை. கடைசியில் பாறையின் சொரசொரப்பு எண்ணைக் கூட்டினார். அவள் கால் வழுக்கவில்லை, திரும்பிச் சிரித்தாள். அழுதபடியே அந்த எண்ணைப் பொது நிரலிலும் ஏற்றிவிட்டார். ஊர் ஊராகப் படகுகள் அதை நம்பித்தான் கடலுக்குப் போயின.

நிரலைச் சரிபார்க்கும் மும்தாஜ், முகம் அறியாதவர், எழுதினார்: "அண்ணே, பாறை அவ்வளவு சொரசொரப்பில்ல. பொதுவுல பழைய எண்ணையே வச்சிட்டேன். உங்க பிரதியத் தொடல."

"புள்ளய இன்னும் எத்தன தடவ அலையில நிக்க வைப்பிய?" என்றாள் மனைவி பிளசி. அவர் கணினியை அணைத்தார்.

மறு வருடம் சரிபார்க்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஒரு மலைச்சரிவின் மண்ணை யாரோ உள்ளதைவிட இறுக்கமாக எழுதி அனுப்பியிருந்தார். சரிவின் கீழே ஒரே வீடு. 'அம்மா தூங்குறா' என்று அதற்குக் குறிப்பு.

சேசடிமை சிலுவை போட்டுக்கொண்டு பொது நிரலில் மண்ணைச் சரிசெய்தார். அனுப்பியவரின் சொந்தப் பிரதியில் வீடு நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்.