ராஜாளி ஒழிக

தையற்காரி அழாத குறை. இரண்டு நாள் மெனக்கெட்டு எடுத்த வீடியோ, பேன்ட் ஜிப் மாற்றுவது எப்படி என்று, போட்ட பத்தே நிமிடத்தில் யார் கண்ணிலும் படாமல் போயிருந்தது.

"யாரு, அந்த ராஜாளியா?" என்றார் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக்.

அவனேதான். அவள் வீடியோ போடும் அந்தத் தளத்தில் லைக் விழுந்தால் நாணயம் வரும். ஆனால் எல்லார் லைக்கும் ஒன்றில்லை. கையில் நாணயம் அதிகம் இருப்பவர் லைக்குக்குத்தான் எடை. நூறு பேர் தூக்கிவிட்டதை ராஜாளி என்ற பெயரில் உலவும் ஒருத்தன் 'பிடிக்கவில்லை' என்று ஒரே தட்டில் கீழே தள்ளிவிடுவான். அவனுக்கு வேண்டியவள் ஒருத்தியும் தையல் வீடியோ போடுகிறாளாம். பிறகென்ன.

அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் இவள் கடைக்கு ஆள் வந்துகொண்டிருந்தது. இப்படியே போனால் கடையைச் சாத்திவிட்டு மறுபடி கூலிக்குத் தைக்கப் போகவேண்டியதுதான்.

மெக்கானிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்து, 'சீறும்சிறுத்தை' என்ற தன் பெயரில் எழுதித் தள்ளினார். "ஒருத்தன் கையில இவ்வளவு அதிகாரமா? நாம என்ன அவனுக்கு அடிமையா? ராஜாளி ஒழிக."

லைக் குவிந்தது. கூட வேலைசெய்யும் மெக்கானிக்குகள் இருபது பேரும் வந்து, "அண்ணே, நீங்க சொன்னா போதும், நாங்க ரெடி" என்றார்கள். அவர்களை அந்தத் தளத்தில் சேர்த்துவிட்டதே இவர்தான். ஆளுக்குத் தலைகால் புரியவில்லை.

தையற்காரி தன் பங்குக்கு ராஜாளியின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அங்கே யாரிடம் எத்தனை நாணயம், யார் கொடுத்தது என்று எவரும் பார்க்கலாம். யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, இவன்கிட்ட சொந்தமா பெருசா ஒண்ணுமே இல்லைங்க. நம்மகிட்ட இருக்கிறதுல பாதிகூட இல்ல. எல்லாம் மத்தவங்க இரவல் குடுத்த நாணயத்தோட பலம்."

"எந்த மடையன் குடுத்தான்?"

போனைத் திருப்பிக் காட்டினாள். பட்டியலில் முதல் பெயர் சீறும்சிறுத்தை. இரண்டாவது, அவர் பார்த்துக்கொள்ளும் அவளுடைய கணக்கு. பிறகு இருபது மெக்கானிக்குகள். அதற்கும் கீழே, இன்றைக்கு ஒழிக போட்ட அத்தனை பேரும்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். ஆறு மாதத்துக்கு முன்னால், 'உங்கள் நாணய பலத்தை எங்களிடம் விடுங்கள், வாராவாரம் வட்டி' என்று ஒரு பொத்தான் வந்ததாம். அழுத்தினாராம். நாலு பேருக்கும் கிடைக்கட்டுமே என்று ஒவ்வொருத்தன் போனையும் வாங்கி அவரே அழுத்தியும் கொடுத்தாராம். யாரிடம் போகிறது என்று எவன் பார்த்தான்.

"போகட்டும் விடுங்க. திரும்ப வாங்கவும் ஒரு பொத்தான் இருக்கு. நீங்க எடுத்தா எல்லாரும் எடுத்துடுவாங்க. அவன் ஆட்டம் இன்னிக்கே அடங்கிடும். என் வீடியோவும் பிழைச்சுக்கும்."

கட்டைவிரல் பொத்தான் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

"அழுத்தறேன், என்ன அவசரம்?" என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல். "வெள்ளிக்கிழமை வட்டி விழுதுல்ல?"

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, போராட்டக்காரர்களுக்கு அடுத்த அறிவிப்பை எழுதினார்.

'நண்பர்களே, பொறுத்தது போதும். சனிக்கிழமை பொங்கி எழுவோம்.'