பதினோரு விநாடி

மூக்குக் கண்ணாடிக் கடையில் மாலை வெயில் கண்ணாடிகளில் புகுந்து சுவரில் வட்ட வட்டமாக நடுங்குகிறது. கடைக்காரன் கையில் திருப்புளி, முன்னால் கைபேசி. நாளைக்குக் கச்சேரி. எந்தப் பாட்டு வேண்டும் என்று ராக் குழு ரசிகர்களையே கேட்டிருக்கிறது. ஆளுக்கு ஒரு ஓட்டு, ஐந்து மணி வரைதான். இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது. அவன் உயிரை விடும் அந்த மெதுவான பாட்டும் பட்டியலில் இருக்கிறது. மேடையில் அதை ஒரே ஒருமுறைதான் பாடியிருக்கிறார்கள். ஆனாலும் விரல் அதன் பக்கம் போக மாட்டேன் என்கிறது. "நடுவுல பதினோரு செகண்ட் சத்தமே கிடையாது அண்ணி. அஞ்சாயிரம் பேர் வாயை மூடிட்டு நிப்பாங்களா? விசிலடிச்சே கொன்னுடுவாங்க." பில் போடும் அண்ணிக்கும் அதே குழுவின் மேல்தான் பைத்தியம். "அப்போ அதைப் பீரோவுல வச்சுப் பூட்டிக்கங்க தம்பி. நான் போய் நேர்ல கேட்டுட்டு வரேன்" என்று சொல்லி, பாட்டைப் போட்டு, மின்விசிறியையும் நிறுத்துகிறாள். பாட்டின் நடுவில் அந்த மௌனம் வருகிறது. அவன் கண்ணை மூடுகிறான். மூன்றாவது விநாடியில் டொக், டொக் என்று ஏதோ தட்டுகிறது. எரிச்சலோடு கண்ணைத் திறந்து அண்ணியை முறைக்கிறான். அவள் வாயைப் பொத்திச் சிரித்தபடி அவன் கையைக் காட்டுகிறாள். திருப்புளி தானாக மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. "இதுல ஊரைத் திட்டுறாராம்!" அவன் தட்டுவதை நிறுத்தவில்லை. பாடகனின் குரல் திரும்பி வந்து சரியாக அந்தத் தட்டின் மேலேயே இறங்குகிறது. இடது கையால் அந்தப் பாட்டுக்கே ஓட்டைப் போடுகிறான்.