காதுக் கட்டு

சோபனாவின் தலையைச் சுற்றி, இரண்டு காதையும் மூடிப் பெரிய கட்டாகப் போட்டிருந்தார்கள். மூக்கின் மேல் தடித்த பிளாஸ்டர். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்த சம்பத்தைப் பார்த்தால், இப்படியும் ஒரு புருஷனா என்று யாருக்கும் மனசு இளகிவிடும்.

“ஆபரேஷன் மூக்குக்குத்தானே சிஸ்டர்? காதுல இன்னாத்துக்குக் கட்டு?”

“அடிபட்டப்பவே காட்டாம வுட்டதால மூக்குத் தண்டு கரைஞ்சு உள்ள உக்காந்துடுச்சு இல்லீங்களா? அதைத் தூக்கி நிறுத்த முட்டு வேணுமே. இடது காதுக்குப் பின்னால கீறி, அங்கிருந்து குருத்தெலும்பு எடுத்து வெச்சிருக்காரு டாக்டர்” என்றாள் நர்ஸ் கரோலின். “அவங்க அசையக் கூடாது. பேச்சு குடுக்காதீங்க.”

“ஐயோ, நான் ஏன் பேசப் போறேன்? பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுலருந்து இவளைத் தனியா வுடவே பயமா இருக்கு சிஸ்டர்.” சொல்லும்போதே சம்பத் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “எங்க மச்சான் எங்க, காணோம்?”

“டிபன் வாங்கக் கீழ போனாரு.”

கரோலின் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

அப்பாடா என்று இருந்தது சம்பத்துக்கு. நல்லவன் வேஷம் கட்டுவது என்ன லேசான வேலையா? மச்சான் மதியழகன் மாதனூரிலிருந்து வரும்போதெல்லாம், அவன் கண்ணெதிரே இவளுக்குக் கஞ்சி ஊட்டி, தலை வாரிவிட்டு, சீ என்று ஆகிவிட்டது.

ஆனால் பட்ட பாடு வீண் போகவில்லை. நேற்று ஆபரேஷனுக்குப் போகும் முன் இவள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளே, “டிஸ்சார்ஜ் ஆனா உன் வீட்டுக்கே வந்துடறேண்ணா. அடிச்சது இவருதான். திரும்ப அங்க போனா செத்துடுவேன்” என்று. கதவுக்கு வெளியே நின்று சம்பத் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். மதியழகன் அசைந்து கொடுத்தானா?

“பைத்தியம் மாதிரி பேசாத சோபனா. மாப்ள தங்கமான மனுஷன். டிஸ்சார்ஜ் ஆனா நேரா உங்க வீட்டுக்குத்தான் போற” என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் சம்பத் காத்திருந்தான். அண்ணனை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் ஏது?

“சோபனா” என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தான். இமைகூட அசையவில்லை.

சம்பத் வேலை பார்ப்பது ஆம்பூரில், தோல் பதனிடும் டேனரியில். அங்கே டிரம் உருளுகிற சத்தத்துக்குக் காதில் இத்துனூண்டு பஞ்சு வைத்துக்கொண்டால் போதும், பக்கத்தில் நின்று கத்தும் மேஸ்திரியின் குரல்கூடக் கேட்காது. இவ்வளவு பெரிய கட்டுக்கு இடியே விழுந்தாலும் இவளுக்கு எங்கே கேட்கப் போகிறது?

மாசக்கணக்கில் அடக்கி வைத்திருந்த ஆத்திரம் அத்தனையும் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகத்தருகே குனிந்தான். யாராவது பார்த்தால் கொஞ்சுகிறான் என்றுதான் நினைப்பார்கள்.

“உங்கண்ணன்கிட்டயே என்னைப் போட்டுக் குடுக்கறியா? இன்னா திமிரு உனக்கு! அன்னிக்கு ஒரே குத்துதான் வுட்டேன், மூக்கு சப்பையாயிடுச்சு. பாத்ரூம்ல வழுக்கிட்டாளாம்! நான் சொன்னதை அத்தினி பேரும் நம்பிட்டானுங்க. மொதல்ல நம்புனதே உங்கண்ணன்தான், கேனப்பய.”

அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. அவன் பிடியை இறுக்கினான். எலும்பு நெரிகிற அளவுக்கு இறுக்கியும் அவள் முனகக்கூட இல்லை. வலிக்குப் போட்ட ஊசியின் மயக்கம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

“காதை அறுத்து மூக்கைத் தூக்கிக்கினியா? வா, நாளைக்கு வீட்டுக்குத்தானே வரப்போற. அது எத்தினி நாளைக்கு நிக்குதுன்னு நானும் பாக்கறேன். இந்த வாட்டி மூக்கோட வுட மாட்டேன். உங்கண்ணன் வந்து உன்னைத் தூக்கிக்கினுதான் போவணும்.”

சோபனா கண்ணைத் திறந்து, அவன் முதுகுக்குப் பின்னால் திரையில் விழுந்திருந்த நிழலைப் பார்த்தாள். அவன் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். மூக்கில் அடைத்திருந்த பஞ்சால் குரல் கம்மியாகத்தான் வந்தது, ஆனால் ஒரு சொல்கூட நடுங்கவில்லை.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, திரைக்கு அந்தாண்ட எங்கண்ணன் நிக்குது.”